குழாயும் சுங்கமும்

குழாய் என்றால் குழாய்தானே? ஒரு முனையில் நீர் புகும், மறுமுனையில் வெளிவரும். இதில் ஆராய என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அந்தக் குழாய் கடல் கடந்து வந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்கும்போது, "நீ யார்? உன் இனம் என்ன?" என்று அரசாங்கம் கேட்கிறது. அந்தக் கேள்விக்குச் சரியான விடை சொல்லத் தெரிந்த வணிகர் பிழைக்கிறார்; தெரியாதவர் பொருளை இழக்கிறார். விடை சொல்ல வேண்டியவர் சட்டம் படித்தவரா, வாணிகம் படித்தவரா, பொறியியல் படித்தவரா? மூவரும் கூடித்தான் சொல்ல முடியும் என்பது என் கருத்து. மூவரும் நம் பல்கலைக்கழகத்தில் இருக்கிறோம். ஆகவேதான் இக்கட்டுரையை நம் மன்றத்து ஏட்டில் எழுதத் துணிந்தேன்.

இதில் நமக்கென்ன அக்கறை என்று எண்ணிவிட வேண்டாம். நாம் வாழும் ஆனேக்கல் தாலுக்காவைச் சற்றே சுற்றிப் பாருங்கள். பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி என்று தொழிற்பேட்டைகள் வரிசையாக நிற்கின்றன. அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாட்டின் ஓசூர். அங்கே அசோக் லேலண்டின் லாரி, டி.வி.எஸ். நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள்; இங்கே ஜிகணியில் கருங்கல்லை அறுத்து மெருகேற்றும் கூடங்கள். எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் எந்திரம் எதைத் திறந்து பார்த்தாலும், உள்ளே நரம்பு போல வளைந்து செல்லும் குழாய்களைக் காணலாம். தொழிலாளர் அதனை 'ஹோஸ்' என்பர். 'ஹோஸ் பைப்' என்பதும் உண்டு. எந்திரம் உடலென்றால் இதுவே இரத்தக் குழாய். ஒன்று வெடித்தாலும் வேலை நின்றுவிடும், ஆளுக்கும் ஆபத்து. நம்மில் பலர் நாளை வேலைக்குப் போகப் போவதும் இந்தக் கூடங்களுக்கே.

முன்பு இவ்வகைக் குழாய் பெரும்பாலும் ரப்பரால் ஆனது. இன்று பிளாஸ்டிக்கும் அந்த இடத்திற்கு வந்துவிட்டது. உள்ளே நைலான் அல்லது பாலியெஸ்டர் குழல். அதன்மேல் வலுவான செயற்கை இழை அல்லது எஃகுக் கம்பியால் பின்னல். எல்லாவற்றுக்கும் மேலே பாலியூரித்தேன் தோல். எடை குறைவு, வளையும், பேரழுத்தம் தாங்கும். இத்தகைய பொருளை என்ன பெயரிட்டு அழைப்பது? பிளாஸ்டிக் என்பதா, இழை என்பதா, எஃகு என்பதா? அல்லது 'லாரியின் பாகம்' என்பதா? இங்கேதான் சிக்கல் பிறக்கிறது.

சுங்கம் நமக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் சுங்கம் கொள்வோர் பொருளை அளந்து புலி முத்திரை பொறித்த செய்தியைப் பட்டினப்பாலை நமக்குச் சொல்கிறது. சுங்கத்தைக் குறிக்க 'உல்கு' என்ற பழஞ்சொல்லே நம் மொழியில் உண்டு. முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று புகழப்பட்டான். சுங்கத்தை நீக்கியதற்காக ஒரு மன்னனுக்குப் பட்டப்பெயர் கிடைத்தது என்றால், அந்தச் சுங்கம் வணிகரையும் மக்களையும் எவ்வளவு வருத்தியிருக்கும் என்பதை ஊகிக்கலாம். அன்று மூட்டையைப் பார்த்தாலே மிளகு எது, முத்து எது என்று தெரிந்தது. இன்று பார்த்தாலும் தெரியாத பொருள்கள் வந்துவிட்டன.

ஆதலால் உலக நாடுகள் கூடி ஒரு பொது அகராதியைச் செய்துகொண்டன. பிரஸ்ஸல்ஸ் நகரில் உள்ள உலகச் சுங்க அமைப்பு அதனைப் பேணி வருகிறது. 1983-இல் உடன்படிக்கை செய்து, 1988 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த இந்த முறைக்கு 'ஒருங்கிணைந்த முறை' என்று பெயர். வணிகர் வாயில் அது 'எச்.எஸ். கோடு'. இருபத்தொரு பகுதிகள், 97 வரை எண்ணிட்ட அத்தியாயங்கள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள் தொகுதிகள். முதல் ஆறு இலக்கம் உலகுக்கெல்லாம் ஒன்று. இந்தியா தன் தேவைக்கு மேலும் இரண்டு இலக்கம் சேர்த்து எட்டாக வைத்திருக்கிறது. ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை இது திருத்தப்படும். 2022-இல் ஒரு பதிப்பு வந்தது. அடுத்தது 2028 ஜனவரியில் நடைமுறைக்கு வரவிருக்கிறது. சொல்லில் ஒற்றுமை காணாத நாடுகள் எண்ணில் ஒற்றுமை கண்டன என்பது வியப்புக்குரிய செய்தி அன்றோ?

நம் குழாயின் வீட்டைத் தேடுவோம். பிளாஸ்டிக் பொருள்களுக்கு 39-ஆம் அத்தியாயம். அதில் 3917 என்ற தலைப்பு, பிளாஸ்டிக் குழாய்களுக்கும் அவற்றின் இணைப்புகளுக்கும் உரியது. விறைப்பான குழாய்கள் ஒரு பக்கம். நெகிழும் குழாய்கள் மறுபக்கம். நெகிழும் குழாய்களுள் முதலாவதாக வருவது 3917.31. அதன் இலக்கணம் ஒரே வரி: வெடிக்கும் அழுத்தம் குறைந்தது 27.6 மெகாபாஸ்கல் இருக்க வேண்டும். அந்த வலிமை இல்லாதவை பின்னல் உண்டா, இணைப்பு உண்டா என்று பார்த்து 32, 33, 39 எனப் பிரிந்து செல்லும்.

27.6 என்பது என்ன கணக்கு? முப்பது என்று வைத்திருக்கலாமே, இருபத்தைந்து என்று வைத்திருக்கலாமே! பழைய ஆங்கில அளவைக்கு மாற்றிப் பாருங்கள், புதிர் அவிழ்ந்துவிடும். சதுர அங்குலத்திற்கு 4,000 பவுண்டு! காரின் டயரில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு முப்பது பவுண்டுக்குச் சற்று மேல். இதுவோ அதைப்போல் நூறு மடங்குக்கும் அதிகம். கடலில் இரண்டே முக்கால் கிலோமீட்டர் ஆழத்தில் நீர் எவ்வளவு அமுக்குமோ, ஏறத்தாழ அவ்வளவு.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. அறியாதவர் அதில் விழுவர். குழாயின் மேல் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் வேலை அழுத்தம். சட்டம் கேட்பதோ வெடிக்கும் அழுத்தம். எண்ணெய் அழுத்த எந்திரங்களின் குழாய்களில் வெடிக்கும் அழுத்தம் வேலை அழுத்தத்தைப்போல் நான்கு மடங்கு இருக்க வேண்டும் என்பது வழக்கமான பாதுகாப்பு விதி. எனவே 70 பார் என்று அச்சிட்ட குழாய் 280 பாரில்தான் வெடிக்கும். 27.6 மெகாபாஸ்கல் என்பது 276 பார். ஆகவே அக்குழாய் 3917.31-க்கு உரியது. ஆனால் 70 என்ற எண்ணைக் கண்டதும், "இது 276-ஐ எட்டவில்லை" என்று தள்ளிவிடும் எழுத்தரும் இருக்கக்கூடும், ஏஜெண்டும் இருக்கக்கூடும். பௌதிகத்தில் ஒரு பாடம் தெரியாததால் சட்டத்தில் ஒரு வழக்குப் பிறக்கிறது!

இன்னும் ஒன்று. பிளாஸ்டிக் சூட்டில் தளரும். குளிர்ந்த அறையில் 280 பார் தாங்கிய குழாய், கொதிக்கும் எந்திரத்தின் அருகே அவ்வளவு தாங்காது. எந்த வெப்பநிலையில் சோதிக்க வேண்டும் என்று அந்தத் தலைப்பின் வாசகம் சொல்லவில்லை. குழாய்களை நீரழுத்தத்தால் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 1402 என்ற உலகத் தரம் இருக்கிறது. அதன்படி சோதித்த சான்று கையில் இருந்தால் பேச்சுக்கு இடமில்லை. இல்லாவிட்டால் பேச்சு மட்டுமே மிஞ்சும்.

அடுத்த கேள்வி: இது பிளாஸ்டிக்தானா, ரப்பரா? ரப்பர் என்றால் 40-ஆம் அத்தியாயம். வல்கனைஸ் செய்த ரப்பர்க் குழாய்க்கு 4009. பாலியூரித்தேன் குழாயைத் தொட்டுப் பார்த்தால் ரப்பர் போலவே இருக்கும். ஆனால் சட்டம் கையை நம்புவதில்லை, சோதனையை நம்புகிறது. செயற்கை ரப்பர் என்று பெயர் பெற வேண்டுமானால், அது கந்தகத்தால் வல்கனைஸ் ஆகித் திரும்ப உருகாத பொருளாக மாற வேண்டும். 18 முதல் 29 டிகிரி வெப்பத்தில் மூன்று மடங்கு நீளத்துக்கு இழுத்தாலும் அறுபடக் கூடாது. இரண்டு மடங்குக்கு இழுத்துவிட்டால், ஐந்து நிமிடத்துக்குள் ஒன்றரை மடங்குக்கு மேற்படாமல் சுருங்கிவிட வேண்டும். இது 40-ஆம் அத்தியாயத்தின் குறிப்பில் உள்ள இலக்கணம். வேதியியல் மாணவர்களே, உங்கள் ஆய்வுக்கூடத்துப் பாடம் எப்படிச் சட்டப் புத்தகத்தில் குடியேறியிருக்கிறது பாருங்கள்!

மூன்றாம் கேள்வியே பெரிய கேள்வி. லாரிக்கென்றே அளவெடுத்து, இரு முனையிலும் இணைப்புப் பூட்டிய குழாய், குழாயா? லாரியின் பாகமா? 39-ஆம் அத்தியாயத்தின் குறிப்பு ஒன்று, வாகனங்களின் பாகங்கள் இந்த அத்தியாயத்தில் சேரா என்கிறது. 3917-ஆம் தலைப்போ குழாயைப் பெயர் சொல்லியே அழைக்கிறது. இரு பக்கத்திலும் வாதம் உண்டு. இத்தகைய வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கின்றன. காரில் விரிக்கும் பாய், காரின் பாகம் அன்று, தரைவிரிப்பே என்று 2020-இல் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே, ரயில்வே சமிக்ஞையில் பயன்படும் ரிலே என்னும் மின்கருவி, மின்கருவிகளின் தலைப்புக்கு உரியதன்று, சமிக்ஞைக் கருவியின் பாகமே என்று தீர்ப்பளித்தது. இரண்டாம் தீர்ப்பை எல்லா மோட்டார் பாகங்களுக்கும் அப்படியே பொருத்திவிடக் கூடாது என்று 2022 ஜனவரியில் மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் தன் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியது. பெரிய நீதிபதிகளே நுணுகி ஆராய வேண்டிய இடத்தில், ஜிகணியில் பத்துப் பேரை வைத்துக் கூடம் நடத்தும் ஒருவர் என்ன செய்வார்?

இது ஏட்டுச் சண்டை என்று எண்ண வேண்டாம். இதே எண்களை வைத்துத்தான் நம் நாட்டில் சரக்கு மற்றும் சேவை வரியும் விதிக்கப்படுகிறது. 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு, 8708 என்ற தலைப்பில் மோட்டார் பாகம் என்றால் 28 சதவீதம். 3917-இல் பிளாஸ்டிக் குழாய் என்றால் 18 சதவீதம். பத்து லட்சம் ரூபாய்ச் சரக்குக்கு ஒரு லட்சம் வேறுபாடு! அந்த நாளிலிருந்து இரண்டும் 18 ஆயின. அந்தச் சண்டைக்கு இனிக் காரணம் குறைந்தது. ஆனால் பழைய ஆண்டுகளின் கணக்கு அதனால் மாறிவிடாது. புதிய இடைவெளியும் உண்டு. சொட்டுநீர்ப் பாசன அமைப்புக்கும் அதன் கிளைக் குழாய்க்கும் வரி 12-இலிருந்து 5 ஆகக் குறைந்தது. சாதாரணப் பிளாஸ்டிக் குழாய்க்கு 18. வயலில் கிடக்கும் கறுப்புக் குழாய் பாசன அமைப்பின் உறுப்பா, வெறுங்குழாயா என்பதைப் பொறுத்து உழவனின் செலவு மாறுகிறது.

வாணிகம் படியாதவர்க்கும் விளங்கும் உதாரணம் வேண்டுமா? பரோட்டா ரொட்டி அன்று; அதற்கு 18 சதவீதம் வரி என்று 2020-இல் கர்நாடகத்தின் முன்தீர்ப்பு ஆணையம் சொன்னது. நாடே சிரித்தது. 2025 செப்டம்பரில் பரோட்டாவின் வரி அறவே நீங்கியது. தேங்காய் எண்ணெய் உணவா, தலையில் தேய்க்கும் எண்ணெயா என்ற வழக்கு பல்லாண்டுகள் நடந்து 2024 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. பரோட்டாவைக் கண்டு சிரித்தோம். குழாயைக் கண்டு சிரிக்க மறந்தோம். இரண்டும் ஒரே கதைதான்.

இனி, நீதியைப் பற்றிப் பேச வேண்டும். 2011 முதல் இறக்குமதி செய்பவரே தம் பொருளின் எண்ணைத் தேர்ந்து, தாமே வரியைக் கணக்கிட்டுச் செலுத்த வேண்டும். நம்பிக்கை வைப்பது நன்று. ஆனால் அந்த எண் தவறு என்று இலாகா கருதினால், இரண்டாண்டுக்குள் வரியைக் கேட்கலாம். உண்மையை மறைத்தார் என்று கருதினால் ஐந்தாண்டு வரை பின்சென்று கேட்கலாம். ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. மறைத்தது மெய்ப்பட்டால் வரிக்குச் சமமான அபராதம். ஒரு சிறு தொழிலை மூட இது போதும்.

வேண்டுமென்றே பொய் சொல்பவரைத் தண்டிக்க வேண்டாமா? கட்டாயம் தண்டிக்க வேண்டும். ரப்பர்க் குழாயைப் பிளாஸ்டிக் என்று எழுதுபவர் அரசை ஏமாற்றுகிறார். நேர்மையாக வரி கட்டும் பக்கத்துக் கூடத்தாரையும் கெடுக்கிறார். ஆனால் குழாயைக் குழாய் என்று உள்ளபடி எழுதி, அளவையும் அழுத்தத்தையும் காட்டி, எண்ணைத் தேர்வதில் மட்டும் வேறு கருத்துக் கொண்டவர் குற்றவாளியா? பொருளை உள்ளவாறு சொல்லிவிட்டுத் தாம் நம்பிய சலுகையைக் கோருவது பொய் அறிவிப்பு ஆகாது என்று உச்ச நீதிமன்றமே 1998-இல் சொல்லியிருக்கிறது. எண்ணை மாற்ற வேண்டும் என்று சொல்பவர் இலாகா என்றால், அதனை நிறுவும் பொறுப்பும் இலாகாவுடையதே என்பதும் நீதிமன்றம் சொன்ன விதி. இவ்விரண்டு நெறியும் ஏட்டில் இருந்தால் போதாது. சுங்க அலுவலகத்தின் மேசைமேல் இருக்க வேண்டும். கருத்து வேற்றுமை வேறு; கள்ளத்தனம் வேறு.

சிலர் எளிய மருந்து சொல்வர்: "எல்லாப் பொருளுக்கும் ஒரே வரி வைத்துவிடுங்கள், சண்டை ஒழியும்." இதில் பாதி உண்மை உண்டு. வரிகளின் இடைவெளி குறையக் குறைய வழக்கும் குறையும். மோட்டார் பாகத்தின் கதை அதற்குச் சான்று. ஆனால் எண்ணின் பயன் வரியோடு முடிவதில்லை. ஜப்பானோடும் கொரியாவோடும் ஆசியான் நாடுகளோடும் நாம் செய்துள்ள ஒப்பந்தங்களில், ஒரு பொருள் அந்நாட்டில் உருவானது என்று காட்டினால் சலுகை உண்டு. உருவானது என்பதற்கு அளவுகோல் என்ன? மூலப்பொருளின் எண்ணும் செய்பொருளின் எண்ணும் வேறுபட்டிருப்பது அத்தகைய நிபந்தனைகளுள் ஒன்று. நைலான் மணி 3908. அதை உருக்கிக் குழாயாக இழுத்தால் 3917. எண் மாறுகிறது, உழைப்பும் தெரிகிறது. வேறு நாட்டுக் குழாயை வாங்கி வெட்டி மட்டும் அனுப்பினால் எண் மாறுவதில்லை, ஏமாற்றும் வெளிப்பட்டுவிடும். ஆகவே, வரி ஒன்றானாலும் எண் வேண்டும். எண் வேண்டுமானால் அறிவு வேண்டும்.

செய்ய வேண்டியவை என்று எனக்குத் தோன்றுவன மூன்று.

முதலாவது, தொழில் நடத்துவோர் செய்ய வேண்டியது. குழாயை வாங்கும்போதே உற்பத்தியாளரிடமிருந்து வெடிக்கும் அழுத்தத்தின் சோதனைச் சான்றை எழுத்தில் பெற வேண்டும். உள்ளே என்ன பிளாஸ்டிக், பின்னல் எதனால் ஆனது, இணைப்பு உண்டா என்பவற்றைப் பட்டியலில் தெளிவாக எழுத வேண்டும். சான்று இல்லாதவர், சென்னை கிண்டியில் 1968 முதல் இயங்கும் சிப்பெட் போன்ற பிளாஸ்டிக் கல்வி நிலையங்களை நாடிச் சோதனைக்கு வழி கேட்கலாம். சோதித்த குழாய் வெடித்துப் பயனற்றுப் போகும். அந்த ஒரு துண்டின் விலை, வழக்கின் விலையில் தூசு.

இரண்டாவது, அரசாங்கம் செய்ய வேண்டியது. சரக்கு வருமுன்பே, "இதன் எண் யாது?" என்று கேட்டு முடிவு பெறும் வழி சட்டத்தில் இருக்கிறது. சுங்க முன்தீர்ப்பு ஆணையம் 2021 முதல் டில்லியிலும் பம்பாயிலும் நடக்கிறது; மூன்று மாதத்துக்குள் விடை தர வேண்டும் என்பது விதி. மிக நல்ல ஏற்பாடு. ஆனால் ஓசூரில் கூடம் வைத்திருப்பவருக்கு டில்லி தூரம். வக்கீல் கூலி அதைவிடத் தூரம். தெற்கே சென்னையிலோ பெங்களூரிலோ ஓர் அமர்வு வேண்டும். சிறு தொழிலாளர் தம் மொழியில் விண்ணப்பிக்கவும் இடம் வேண்டும்.

மூன்றாவது, நாம் செய்ய வேண்டியது. பிறர் செய்யட்டும் என்று கட்டளையிடுவது எளிது. நம் பங்கு என்ன? சுங்க அட்டவணையின் 39, 40-ஆம் அத்தியாயங்களின் குறிப்புகளையும், பொருளை வகைப்படுத்தும் ஆறு பொது விதிகளையும் எளிய தமிழில் ஒரு சிறு நூலாக்க நம் மன்றத்தால் முடியாதா? பொறியியல் மாணவர் அழுத்தத்தை விளக்கட்டும். வேதியியல் மாணவர் பிளாஸ்டிக்கை விளக்கட்டும். சட்ட மாணவர் தீர்ப்பைச் சுருக்கி எழுதட்டும். வாணிக மாணவர் கணக்கைச் சரி பார்க்கட்டும். கன்னட நண்பர்களையும் அழைப்போம். அவர்கள் மொழியிலும் அது வரட்டும். பொம்மசந்திராவில் குழாயைப் பூட்டும் கைகளுள் தமிழ்க் கையும் உண்டு, கன்னடக் கையும் உண்டு.

தமிழில் அறிவியல் எழுத முடியுமா என்று நெடுங்காலம் விவாதித்தோம். விவாதித்தது போதும். 'வெடிக்கும் அழுத்தம்' என்றால் ஆலைத் தொழிலாளிக்குப் புரிகிறது. 'வேலை அழுத்தம்' என்றால் புரிகிறது. இந்த இரண்டு சொற்களின் வேறுபாட்டை விளங்கச் சொல்லி, ஒரே ஒரு சிறு தொழிற்கூடத்தை ஓர் அநாவசிய வழக்கிலிருந்து காப்பாற்றினாலும் நாம் படித்த படிப்புப் பயன்பட்டதாகும். அடுத்த மன்றக் கூட்டத்தில் இதனை ஒரு தீர்மானமாகவே கொண்டுவருகிறேன். எதிர்ப்போர் எதிர்த்துப் பேசலாம். ஆதரிப்போர் பேனாவுடன் வரவேண்டும்.